அல்சர் ஓட்டைக்கு அறுவை சிகிச்சை செய்தபின் முதல் சில வாரங்கள் எப்படி இருக்கும்?

தந்தைக்கு முன்சிறுகுடலில் (இரைப்பையை அடுத்த குடல் பகுதி) அல்சர் ஓட்டையாகி நேற்று அறுவை சிகிச்சை முடிந்தது, எப்போது தேறுவார் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவன் அல்லன். 46 வயதில் இதே சிகிச்சைக்கு உள்ளானவன். ஆகவே இதை மருத்துவ ஆலோசனையாகக் கொள்ள வேண்டாம்.

முன்னிரவில் மேல்வயிற்றில் திடீரென்று எழுந்த வலி வலது தோள்பட்டை வரை ஏறியது. மூச்சை இழுத்துவிடக்கூட அஞ்சி, முழங்காலை மடக்கியபடி அசையாமல் கிடந்தேன். சில மணி நேரத்தில் வலி சற்றுத் தணிந்தது. வாயுத் தொல்லைதான் என்று அதை நம்பி விடியும்வரை காத்திருந்தது நான் செய்த பெரும் பிழை. இந்த நோயில் இடையே அப்படி ஒரு பொய்யான அமைதி வருவதுண்டு என்பதையும், அதற்குள் குடல்நீர் வயிறெங்கும் பரவிக் கிருமித்தொற்று தொடங்கிவிடும் என்பதையும் பிறகுதான் அறிந்தேன். காலையில் வயிறு பலகையாக இறுகியிருந்தது. நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்குக் கீழே பிறை போன்ற கறுப்புக் கீற்றைக் காட்டி, அது குடலிலிருந்து வெளியேறிய காற்று என்றார் மருத்துவர்.

வயிற்றைத் திறந்து, தேங்கியதைக் கழுவியெடுத்து, குடலுக்கு முன்னே திரைபோல் தொங்கும் கொழுப்புப் படலத்தின் ஒரு பகுதியை ஓட்டையின்மேல் வைத்துத் தையலிட்டார்கள். 1937இல் கிரஹாம் என்ற அறுவை மருத்துவர் விவரித்த முறை இது. இன்று சிறு துளைகள் வழியே கருவிகளைச் செலுத்தும் லேப்ராஸ்கோப்பி முறையிலும் செய்கிறார்கள். மூக்கில் குழாயும், வயிற்றின் பக்கவாட்டில் நீரை வடிக்கும் குழாயுமாக இருந்தேன். நான்காம் நாள்தான் ஒரு மிடறு தண்ணீர் கிடைத்தது. ஐந்தாம் நாள் தையலில் சீழ் கோத்ததால் வீடு திரும்பப் பதினொரு நாள் ஆயிற்று. உங்கள் தந்தைக்கும் அப்படியே ஆகும் என்று சொல்லவில்லை. சிகிச்சைக்கு முன் 24 மணி நேரத்துக்கு மேல் தாமதமானதா, வந்தபோது ரத்த அழுத்தம் சரிந்திருந்ததா, இதயம், நுரையீரல் போன்றவற்றில் கடும் நோய் உண்டா என்ற மூன்றையும் வைத்தே மருத்துவர்கள் ஆபத்தைக் கணிக்கிறார்கள். காய்ச்சல், நாடித்துடிப்பு ஏறுதல், வயிறு மீண்டும் உப்புதல் ஆகியவை தையல் கசிவையோ உள்ளே சீழ் கட்டியதையோ குறிக்கலாம் என்பதால் உடனே தெரிவியுங்கள்.

ஒன்று இன்னும் மனத்தை அறுக்கிறது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் என் கவலையும் கோபமுமே காரணம் என்று குற்றம் சுமத்திப் போனார்கள். முதுகுவலிக்காக, அல்சரை உண்டாக்கக்கூடிய வலிமாத்திரையை மூன்று மாதம் எழுதித்தந்த மருத்துவரோ, வயிற்றைக் காக்கும் மாத்திரையை உடன் தரவுமில்லை, முன்பு அல்சர் இருந்ததா என்று கேட்கவுமில்லை. வலிமாத்திரையே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்கலாம் என்றே சொல்கிறேன்.

தைத்தது ஓட்டையை மட்டுமே; அல்சருக்கான காரணம் உள்ளேயே இருக்கலாம். அல்சரை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைக் கண்டறிந்ததற்காக மார்ஷல், வாரன் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர்களுக்கு 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அந்தக் கிருமிக்கான பரிசோதனையை நானே கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டியிருந்தது. கிருமி இருந்தது, இரண்டு வார மருந்தில் ஒழிந்தது. உங்கள் தந்தைக்கு அந்தப் பரிசோதனை எப்போது செய்யப்படும் என்பதை, வீட்டுக்கு அனுப்பும் முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.