பற்றரியை விடியுமுன் அளந்து பாருங்கள்

மின்கம்பி வராத வாடி, வயற்குடில், தோட்டம் என்று திருகோணமலைப் பக்கம் சோலார் வைத்திருப்பவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

குச்சவெளியிலிருந்து: அண்ணை, வாடியில் 12 வோல்ற் ஈயப் பற்றரி. பின்னேரம் மீற்றர் 13.4 காட்டுது. இரவு ஒன்பதுக்கே லைட் மங்குது. ஏன்?

தம்பி, அந்த 13.4 பனல் தள்ளுகிற வோல்ற். பற்றரிக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. ஒரு நாள் நன்றாகச் சார்ஜ் ஏறியதும், பின்னேரமே எல்லா வயரையும் கழற்றிவிட்டு, மறுநாள் விடியுமுன் அளந்து பாருங்கள். 12.7 அளவில் நின்றால் நிறைவு. 12.2 என்றால் பாதி. 10.5 பக்கம் நின்றால் பற்றரிக்குள் உள்ள ஆறு செல்லில் (அறையில்) ஒன்று செத்துவிட்டது. 12.7 நின்றும் லைட் போட்டவுடன் மளமளவென்று இறங்கினால், தட்டுகளில் சல்பேற்று படிந்து கொள்ளளவு சுருங்கியிருக்கும்.

மூடி கழற்றக்கூடிய பற்றரி என்றால், ஆசிட்டின் அடர்த்தியை மிதவையால் காட்டும் ஐதரோமீற்றரால் ஒவ்வொரு செல்லையும் பாருங்கள். போன மாரியில் ஒரு கோழிப்பண்ணைப் பற்றரியைப் பார்த்தேன். ஐந்து செல்லில் மிதவை 1.260இல் நின்றது, மூன்றாவதில் 1.150ஐத் தாண்டவில்லை. அந்த ஒரு செல்தான் முழுப் பற்றரியையும் இழுத்து விழுத்தியது. ஆசிட் கண்ணில் பட்டால் பார்வையே போகும், கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்க வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து: தண்ணீர் குறைந்தால் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?

வேண்டாம் அக்கா. அதிலுள்ள உப்பு தட்டைக் கெடுக்கும். வடித்த நீர் மட்டும்தான், அதுவும் சார்ஜ் முடிந்த பிறகு.

தம்பலகாமத்திலிருந்து: யானை வேலிக்கும் காவற்குடில் லைட்டுக்கும் லித்தியம் போட்டோம். எப்போது பார்த்தாலும் 13.2. மிச்சத்தை எப்படி அறிவது?

லித்தியம் இரும்பு பொஸ்பேற்று வகை அப்படித்தான். பாதிக்கு மேலும் கீழும் வெகுதூரம் வோல்ற் அசையாது, பிறகு திடீரென்று விழும். அதனால் உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அம்பியர்-மணியாக எண்ணுகிற சண்ட் மீற்றர் வேண்டும். அதன் சண்ட் என்ற, மின்னோட்டத்தை அளக்கும் துண்டை நெகற்றிவ் வயரில் பூட்ட வேண்டும். நான் அடிக்கடி காணும் பிழை இதுதான்: வேலிப் பெட்டியின் நெகற்றிவ் நேராகப் பற்றரி முனையில் இருக்கும். அது குடிப்பது கணக்கில் வராது, மீற்றர் 80 வீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே வேலி செத்துவிடும். யானை இறங்குகிற இடத்தில் அது உயிர் விஷயம். எல்லா நெகற்றிவும் அந்தச் சண்ட் வழியாகத்தான் போக வேண்டும். இடைக்கிடை முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள், அப்போதுதான் மீற்றரின் எண்ணிக்கை நேராகும்.

நிலாவெளியிலிருந்து: மாரிக்கு என்ன செய்வது?

கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்கில் வெயில் வராது. ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், இறங்கினால் அன்றே ஜெனரேற்றரிலாவது ஏற்றுங்கள். கோடையில் தகரக் கொட்டிலுக்குள் வைக்க வேண்டாம். 25 பாகைக்கு மேல் பத்துப் பாகை கூடினால் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். அப்புறம், கடற்காற்றில் முனைகளில் பச்சை பூக்கும். சுரண்டித் துடைத்து, இறுக்கிப் பூட்டி, மேலே வாசலின் பூசிவிடுங்கள்.