பழைய கேழ்வரகு விதை ஏன் தாமதித்து முளைக்கிறது?

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் கேழ்வரகு பயிரிடுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் எடுத்த விதையைக் குதிரில் வைத்திருந்து இந்த ஆடியில் நாற்றங்காலில் தூவினேன். பூச்சியோ பூசணமோ இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று நாள் பிந்தித் திட்டுத்திட்டாக முளைத்தது; சில நாற்றுகளில் வேர் குட்டையாகவே நின்றுவிட்டது. காய்ந்த விதைக்குள் என்ன கெடுகிறது? மீதியுள்ள விதையைப் பயன்படுத்தலாமா?

பதில்: காய்ந்து கிடக்கும் விதையிலும் சேதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. முளைக்கருவின் ஒவ்வொரு செல்லிலும் மரபுச் செய்தியைத் தாங்கி நிற்கும் டிஎன்ஏ, காற்றின் ஆக்சிஜனாலும் விதையில் எஞ்சியிருக்கும் சிறிதளவு ஈரத்தாலும் மெல்லச் சிதைகிறது. வளரும் பயிர் இதை உடனுக்குடன் பழுது பார்த்துக்கொள்ளும், ஆனால் பழுது பார்க்கும் நொதிகள் நீரின்றி இயங்காதவை ஆதலால், விதையில் மூன்று ஆண்டுச் சேதமும் நீர் படும் நாள்வரை குவிந்தே கிடக்கிறது.

தாங்கள் கண்ட தாமதத்துக்குப் பெருங்காரணம் இதுதான். நீர் ஊறியதும் செல் முதலில் பழுதைத் தேடுகிறது. டிஎன்ஏவின் இரு இழைகளும் அறுந்த இடத்தை எம்ஆர்என் என்னும் புரதக் கூட்டு பற்றிக்கொள்ள, அதனால் தூண்டப்படும் ஏடிஎம் என்னும் நொதி, பழுது தீரும்வரை செல் இரண்டாகப் பிரியாதபடி தடுத்து நிறுத்துகிறது. பிறகு கேயூ என்னும் புரதங்கள் அறுந்த முனைகளைப் பிடித்துக்கொள்ள, லிகேஸ் நொதி அவற்றை இணைக்கிறது. கிணற்று நீர் இறைக்கும் கவலையில் அறுந்த கயிற்றின் பிசிறை நறுக்கிவிட்டு முடிச்சுப் போடுவது போன்ற வேலை இது. இணைப்பு கிடைக்கும், ஆனால் மரபுச் செய்தியின் ஓரிரு எழுத்துகள் தொலையக்கூடும். பக்கத்தில் இன்னொரு நகல் இருந்தால் அதைப் பார்த்துப் பிழையின்றி எழுதிக்கொள்ளும் வழியும் செல்லுக்கு உண்டு என்றாலும், முளைக்கத் தொடங்கும் விதையின் செல்கள் பெரும்பாலும் டிஎன்ஏவை நகலெடுக்கும் கட்டத்தை எட்டியிருப்பதில்லை.

இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், அரபிடாப்சிஸ் என்னும் கடுகினச் செடியின் ஏடிஎம் இல்லாத விதைகள் பழையனவாகியும் தாமதிக்காமல் முளைத்தன. ஆனால் டிஎன்ஏ சுருண்டிருக்கும் அவற்றின் குரோமோசோம்களில் கோளாறுகள் மிகுந்திருந்தன. ஆகவே இரண்டு நாள் பிந்தி நேராக எழுந்த நாற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். வேர் குட்டையாக நின்றவற்றில் சேதம் பழுதுக்கு அடங்கவில்லை என்றே கருதுகிறேன். அவற்றை நடவுக்கு எடுக்காதீர்கள்.

மீதி விதையை முளைப்புச் சோதனை செய்யாமல் தூவாதீர்கள். நூறு நூறாக நான்கு பங்கு எண்ணி ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வைத்து, எட்டாம் நாள் வேரும் தளிரும் ஒழுங்காக உள்ளவற்றை மட்டும் எண்ணுங்கள். சான்று விதைக்குக் குறைந்தது 75 விழுக்காடு முளைப்பு வேண்டும். அதற்குச் சற்றே குறைந்தால் ஏக்கருக்கு இரண்டு கிலோ என்னும் வழக்கமான அளவைக் கூட்டிக்கொள்ளலாம். பாதிக்கும் கீழே போனால், மருந்து கலக்காத விதையாயின், களிக்கு அரைத்துவிடுவதே மேல்.

விதையைச் சம அளவு நீரில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, முளை வெளிவருமுன் நிழலில் பழைய எடைக்கு உலர்த்தி விதைப்பது பயன் தரும், ஏனெனில் அந்நேரத்தில் பழுதுபார்ப்பு தொடங்கிவிடுகிறது. செத்த விதையை அது எழுப்பாது. அவ்வாறு உலர்த்தியதை மீண்டும் சேமித்து வைக்கவும் கூடாது.

அடுத்த முறை சேமிப்பில் கவனம் ஈரத்தின் மீதே இருக்கட்டும். குதிரில் போடும் வேப்பிலை பூச்சிக்கு உதவலாம், ஈரத்துக்கு உதவாது. மழைக்காலத்தில் காற்றின் ஈரத்தை விதை உறிஞ்சிக்கொள்ளும், அந்த அரைகுறை ஈரம் சேதத்தை விரைவுபடுத்துமே தவிர, பழுது பார்க்கப் போதாது. ஈரப்பதம் ஒரு விழுக்காடு குறைந்தால் விதையின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது விதையியலில் வழங்கும் கணக்கு. சாதாரணச் சாக்குப்பையில் வைப்பதற்கு 12 விழுக்காட்டுக்கு மேற்படாமலும், காற்றுப் புகாத டப்பாவில் வைப்பதற்கு 8 விழுக்காட்டுக்கு மேற்படாமலும் காயவைத்துக்கொள்ளுங்கள்.