துறவியர் குறைந்துவரும் காலத்தில் ஒரு சபையின் பணிநோக்கு அதன் பன்னாட்டுப் பள்ளிகளில் எவ்வாறு நிலைக்கும்?

பல நாடுகளில் பள்ளிகளை நடத்தும் ஒரு கத்தோலிக்கத் துறவற சபையில் துறவியர் எண்ணிக்கை சுருங்கி, வகுப்பறைகளிலும் முதல்வர் பொறுப்பிலும் துறவியர் அல்லாத பொதுநிலையினரே நிறைந்துவிட்ட பிறகு, அச்சபையின் பணிநோக்கு எப்படித் தொடரும் என்று கேட்டிருக்கிறீர்கள். அருள்சகோதரிகள் சபை ஒன்றின் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியராகவும், பின்னர் ஆசிரியர்களைச் சபையின் உணர்விலும் வழிமுறையிலும் வளர்க்கும் அதன் உருவாக்கக் குழுவிலும் பணியாற்றிய பொதுநிலையினர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். ஒரு சபையின் பணிநோக்கு அதன் பள்ளிகளில் அன்றாடம் எடுக்கப்படும் முடிவுகளில்தான் வாழ்கிறது என்பதும், ஆகவே அம்முடிவுகளை எடுக்கப்போகும் பொதுநிலையினரை, குறிப்பாகப் பள்ளி முதல்வர்களை, உருவாக்குவதற்கே சபை தன்னிடம் எஞ்சியிருக்கும் ஆற்றலின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும் என்பதும் என் உறுதியான கருத்து.

முதலில் நிலைமையை உள்ளபடி பார்த்துவிடுவோம். லசால் அருள்சகோதரர்கள் 1960களின் நடுப்பகுதியில் உலகெங்கும் சுமார் 16,000 பேர் இருந்தார்கள். இன்று சுமார் 3,000 பேர்தான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களது கல்வி நிறுவனங்கள் ஏறத்தாழ 80 நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்குக் கல்வி அளித்துவருகின்றன. அதாவது, சபை சுருங்கியபோது பள்ளிகள் சுருங்கவில்லை. கல்விப்பணியில் ஈடுபட்ட பெரும்பாலான சபைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. பழைய நாள்களில் பள்ளி வளாகத்திலேயே துறவியர் குழுமமாக வாழ்ந்தார்கள். ஒரு புதிய ஆசிரியர் அவர்களைப் பார்த்துப் பார்த்தே சபையின் வழிமுறையைக் கற்றுக்கொண்டார். தனியாக யாரும் பயிற்சி கொடுக்க வேண்டிய தேவை எழவில்லை. அந்தக் குழுமம் இல்லாத பள்ளியில், முன்பு தானாக நடந்த அந்தக் கற்றலை இப்போது திட்டமிட்டு நடத்தியாக வேண்டும்.

நிறுவனர்களின் வாழ்வைப் படித்தால், அவர்கள் விட்டுச்சென்றது பெரும்பாலும் துணிச்சலான முடிவுகளின் வரிசை என்பது தெரியும். லசால் அருள்சகோதரர் சபையின் நிறுவனர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லசால் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் ரீம்ஸ் நகரில் ஏழைகள், கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகளுக்காகப் பள்ளிகளை அமைத்தபோது, கட்டணம் வாங்குவதில்லை என்று முடிவு செய்தார். இலத்தீனில் தொடங்காமல் பிள்ளைகள் பேசும் பிரெஞ்சு மொழியிலேயே வாசிக்கக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். ஆசிரியர்களை முறையாகப் பயிற்றுவிக்க ஏற்பாடு செய்தார். ஆலயப் பதவியைத் துறந்து, 1683–84 பஞ்சத்தின்போது தம் செல்வத்தைப் பசித்தவர்களுக்குப் பகிர்ந்தளித்தார். இவற்றில் எதையும் சுவரில் மாட்டும் ஒரு வாசகமாகச் சுருக்கிவிட முடியாது. இன்று அவர் பெயரைத் தாங்கும் ஒரு பள்ளி, யாரைச் சேர்ப்பது, யாருக்குக் கட்டணத்தைக் குறைப்பது, பின்தங்கும் மாணவரை என்ன செய்வது, பணியாளர்களை எப்படி நடத்துவது என்று முடிவெடுக்கும் மேசையில்தான் அவரைப் பின்பற்றவோ கைவிடவோ செய்கிறது.

நிறுவனர் நாள் விழா, சபைப் பாடல், சீருடையில் இலச்சினை, முகப்பில் சிலை ஆகியவை எனக்கும் பிரியமானவையே. அவை நினைவூட்டும், அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது.

இனி, உருவாக்கப் பயிற்சியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் துறவற சபைகளை அவற்றின் நிறுவனர்களின் தொடக்க உணர்வுக்குத் திரும்புமாறு அழைத்தது. 1982இல் வத்திக்கானில் கல்விக்குப் பொறுப்பான துறையாகிய கல்விப் பேராயம் பள்ளிகளில் பணியாற்றும் பொதுநிலையினரை நம்பிக்கையின் சாட்சிகள் என்று குறிப்பிட்டது; 2007இல் வெளிவந்த மற்றோர் ஆவணம், துறவியரும் பொதுநிலையினரும் கல்விப்பணியைப் பகிர்ந்துகொள்வதைப் பற்றியே பேசியது. இயேசு சபை 1995இல் தன் 34ஆவது பொதுப்பேரவையில் பொதுநிலையினரோடு ஒத்துழைப்பதற்கென்றே ஓர் ஆணையை வெளியிட்டது. கோட்பாட்டளவில் கதவு திறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நடைமுறையிலோ பல பள்ளிகளில் உருவாக்கம் என்பது கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு நாள் கருத்தரங்காகவே நின்றுவிடுகிறது. நிறுவனரின் வாழ்க்கை வரலாற்றை ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு மறுநாள் பாடத்திட்டத்துக்குள் நுழையும் ஆசிரியரிடம் சபையின் தனிவரம், அதாவது நிறுவனர் வழியே அது பெற்ற தனி உணர்வு, குடியேறியிருக்கும் என்று நம்புவது நியாயமன்று.

நான் கண்டவரை, பயன் தந்த பயிற்சிகளுக்குச் சில பொதுத் தன்மைகள் இருந்தன. அவை குறைந்தது இரண்டு மூன்று ஆண்டுகள் நீண்டன. நிறுவனரின் எழுத்துகளை ஆசிரியர்கள் தாமே வாசித்தார்கள்; வேறொருவர் செய்த சுருக்கத்தோடு நின்றுவிடவில்லை. அமைதியில் தங்கித் தியானம் செய்யவும், தம் பணியைத் திரும்பிப் பார்க்கவும், மூத்தவர் ஒருவரோடு அதைப் பற்றித் தொடர்ந்து உரையாடவும் அவர்களுக்கு நேரம் கிடைத்தது. வறுமையில் வாழும் குடும்பங்களோடு சில நாள்களைக் கழித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இவற்றுக்கான நேரமும் செலவும் பள்ளியின் வரவுசெலவுத் திட்டத்திலேயே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற நாள்களில் அவருடைய வகுப்பை எடுக்க மாற்று ஆசிரியர் இருந்தார். சொந்த விடுமுறையைத் தியாகம் செய்துதான் சபையின் உணர்வைப் பெற வேண்டும் என்ற நிலை இருக்குமானால், பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரான ஆசிரியர்கள் வர மாட்டார்கள். வராததற்காக அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

முதல்வரைத் தேர்ந்தெடுப்பது தனிக்கவனம் பெற வேண்டிய செயல். தேர்வு முடிவுகளையும் நிர்வாகத் திறனையும் மட்டும் பார்த்து வெளியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து அமர்த்திவிட்டு, அவருக்குச் சபையைப் பிறகு அறிமுகப்படுத்திக்கொள்ளலாம் என்று எண்ணுவது மிகுந்த ஆபத்தானது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே தகுதியுள்ள சிலரை அடையாளம் கண்டு, சபையின் வேறு நாட்டுப் பள்ளி ஒன்றில் சில மாதங்கள் பணியாற்றச் செய்து, அனுபவமிக்க துறவியரோடு இணைத்து வளர்க்க வேண்டும். இதற்குச் சபை தன் ஆற்றல் மிக்க உறுப்பினர்களைத்தான் அனுப்ப வேண்டும். முதுமையினால் வேறு பணி இல்லாதவர்களுக்குக் கொடுக்கப்படும் பொறுப்பாக உருவாக்கப் பணி ஆகிவிடக் கூடாது.

பிற சமயத்தைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் பெரும்பான்மையாக உள்ள நாடுகளில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆசியாவின் பல நாடுகளில் சபைப் பள்ளிகள் அப்படித்தான் பல தலைமுறைகளாக இயங்கிவருகின்றன. கிறிஸ்தவக் கல்வி குறித்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் அறிக்கையே, கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் பயிலும் பள்ளிகளைத் திருச்சபை மிகவும் மதிப்பதாகக் கூறுகிறது. 2022இல் கல்விப் பேராயம் வெளியிட்ட வழிமுறை ஆவணம், கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளத்தை உரையாடல் பண்பாட்டோடு இணைத்தே விளக்கியது. ஓர் இஸ்லாமிய ஆசிரியரோ பௌத்த ஆசிரியரோ நிறுவனரின் கருணையையும், கடைசி இருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளை மீது அவர் காட்டிய கவனத்தையும் தம் நம்பிக்கையின் வழியே முழுமையாக ஏற்றுக்கொள்ள முடியும். அப்படி ஏற்றுக்கொண்டவர்களிடமிருந்து நானே கற்றிருக்கிறேன். அதே வேளையில், நற்செய்தியே இப்பணியின் ஊற்று என்பதை மறைத்துப் பொதுவான நற்பண்புகளாக மட்டும் பேசுவது அவர்களுக்கும் நேர்மையானதாகாது. அந்த ஊற்றை அறிந்து வாழும் ஒரு சிறு குழுவாவது ஒவ்வொரு பள்ளியிலும் இருக்க வேண்டும்.

பன்னாட்டு அளவில் எழும் சிக்கல் வேறு வகையானது. எல்லா நாடுகளுக்கும் பொதுவானது எது, அந்தந்த நாடு தீர்மானித்துக்கொள்ள வேண்டியது எது என்ற கேள்விக்கு, இயேசு சபையின் கல்வித் திட்டம் உருவான விதம் நல்லதொரு பாடம். 1548இல் சிசிலியின் மெசினாவில் வெளி மாணவர்களுக்கான முதல் கல்லூரியைத் தொடங்கிய அச்சபை, தன் பொதுக் கல்வித் திட்டத்தை 1599இல்தான் இறுதி செய்தது. அதற்கு முன் 1586இலும் 1591இலும் வரைவுகள் தயாரிக்கப்பட்டு, சபையின் பல நாட்டு நிர்வாகப் பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டு, வகுப்பறையில் இருந்தவர்களின் கருத்துகள் பெறப்பட்டன. கடிதங்கள் கப்பலில் சென்ற காலத்திலேயே அவ்வளவு பொறுமையாகக் கலந்தாலோசிக்க முடிந்திருக்கும்போது, தலைமையகத்தில் எழுதி எல்லாப் பள்ளிகளுக்கும் மின்னஞ்சலில் அனுப்பப்படும் ஆவணங்களை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. 1800இல் திருஇருதய சபையைத் தோற்றுவித்த புனித மதலேன் சோஃபி பாரா எழுதியவற்றுள் சுமார் 14,000 கடிதங்கள் இன்றும் உள்ளன. 1818இல் அச்சபையின் அருள்சகோதரி புனித பிலிப்பின் டுஷேன் கடல் கடந்து அமெரிக்காவில் பள்ளி தொடங்கிய பிறகும் சபையை ஒன்றாகப் பிணைத்தது இத்தகைய இடைவிடாத தொடர்புதான்.

அதே சபையின் அமெரிக்கப் பள்ளிகள் 1975இல் ஐந்து பொது இலக்குகளை வகுத்துக்கொண்டன: இறைநம்பிக்கை, அறிவின் மீதான ஆழ்ந்த மதிப்பு, செயலுக்குத் தூண்டும் சமூக உணர்வு, குழுமத்தைக் கட்டியெழுப்புதல், விவேகமுள்ள சுதந்திரத்தில் வளர்தல். இலக்குகளை வகுத்ததோடு நிற்காமல், குறிப்பிட்ட கால இடைவெளியில் ஒவ்வொரு பள்ளியும் தன்னைத் தானே ஆய்வு செய்து எழுதுவதும், வெளியிலிருந்து ஒரு குழு வந்து பார்த்துக் கேள்வி கேட்பதும் நடைமுறையாயின. இந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். நட்போடும் கண்டிப்போடும் கேள்வி கேட்க வரும் ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு பள்ளியை விழிப்பாக வைத்திருக்கும்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் பணிநோக்கைப் பற்றிப் பேச முடியாது. 1973இல் இயேசு சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே, ஸ்பெயினின் வலென்சியாவில் கூடிய முன்னாள் மாணவர்களிடம், நீதிக்காக உங்களை நாங்கள் உருவாக்கினோமா என்ற கேள்வியை எழுப்பி, இல்லை என்று தாமே பதிலும் சொன்னார். வசதி படைத்த அவையில் அது கசப்பை உண்டாக்கியது. ஆனால் பிறருக்காக வாழும் மனிதர்களை உருவாக்குதல் என்ற இலக்கு அங்கிருந்துதான் அச்சபையின் பள்ளிகளெங்கும் பரவியது. ஒரு பன்னாட்டுப் பள்ளி உயர்ந்த கட்டணத்தால் இயங்கும்போது, அதன் மாணவர் சேர்க்கையே அதன் உண்மையான பணிநோக்கை எழுதிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை ஏழைகளைச் சந்தித்துவரும் சுற்றுலா அதற்கு ஈடாகாது. வழிகள் இல்லாமல் இல்லை. 1955இல் வெனிசுவேலாவின் தலைநகர் கராக்காசில், கட்டடத் தொழிலாளி ஒருவர் தாம் கட்டிய வீட்டில் இடம் கொடுக்க, இயேசு சபைக் குரு ஹோசே மரியா வேலாஸ் தொடங்கிய ஃபே இ அலெக்ரியா இயக்கம் இன்று பல நாடுகளில் ஏழைகளுக்கான பள்ளிகளை நடத்துகிறது. 1996இல் சிகாகோவில் தொடங்கிய கிறிஸ்தோ ரே பள்ளியில், குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்கள் மாதத்தில் ஐந்து நாள் நிறுவனங்களில் பணியாற்றித் தம் படிப்புச் செலவில் கணிசமான பகுதியை ஈட்டுகிறார்கள். ஒரே சபையின் வசதியான பள்ளி, வசதியற்ற பள்ளிக்கு வருமானத்தின் ஒரு பங்கை நிரந்தரமாகக் கொடுக்கும் ஏற்பாட்டை எல்லாப் பன்னாட்டுச் சபைகளும் சட்டமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம்.

நிர்வாக அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக: திருச்சபைச் சட்டப்படி, உரிய அதிகாரத்தின் இசைவின்றி எந்தப் பள்ளியும் கத்தோலிக்கப் பள்ளி என்ற பெயரைத் தாங்க முடியாது, துறவற சபைகள் நடத்தும் பள்ளிகளையும் பார்வையிட மறைமாவட்ட ஆயருக்கு உரிமை உண்டு. அதற்குள் நின்று, சில சபைகள் பள்ளிகளைப் பொதுநிலையினர் தலைமையேற்கும் தனி அமைப்புகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. கிறிஸ்தவ அருள்சகோதரர்கள் 2007இல் ஆஸ்திரேலியாவிலும் 2008இல் அயர்லாந்திலும் தம் நிறுவனர் எட்மண்ட் ரைஸ் பெயரில் இத்தகைய அமைப்புகளை ஏற்படுத்தினார்கள். இது சரியான திசை. ஆனால் வணிகத்திலும் சட்டத்திலும் தேர்ந்தவர்களை மட்டும் கொண்டு நிர்வாகக் குழுவை நிரப்பினால், சொத்து காக்கப்படும், நோக்கம் நழுவும். ஆசிரியர்களுக்குச் சொன்ன அதே உருவாக்கம் குழு உறுப்பினர்களுக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

சொல்வதற்கு வருத்தமானாலும் சொல்லியாக வேண்டிய ஒன்று உண்டு. அயர்லாந்தில் துறவற சபைகள் நடத்திய இல்லங்களிலும், பிள்ளைகளைத் தங்கவைத்த தொழிற்பள்ளிகளிலும் அவர்கள் அடைந்த கொடுமைகளை 2009இல் வெளியான விசாரணை அறிக்கை வெளிப்படுத்தியது. ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களில் பிள்ளைகள் மீது நிகழ்ந்த பாலியல் கொடுமைகளை விசாரித்த அரசு ஆணையம் 2017இல் தன் இறுதி அறிக்கையை அளித்தது. சபையின் வரலாற்றைப் புதிய ஆசிரியர்களுக்குக் கற்பிக்கும்போது இந்தப் பக்கங்களையும் சேர்த்தே கற்பிக்க வேண்டும். நிறுவனரின் புனிதத்தைப் பேசிவிட்டு, பாதிக்கப்பட்டவர்களைப் பேசாமல் கடக்கும் பயிற்சி, பிள்ளைகளைப் பாதுகாக்கும் விழிப்பை யாரிடமும் உருவாக்காது. பாதுகாப்பு விதிகளும், புகாரைச் சபைக்கு வெளியே உள்ளவர்கள் விசாரிக்கும் ஏற்பாடும் எல்லா நாடுகளிலும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். உள்ளூர்ச் சட்டம் தளர்வாக உள்ள நாட்டில் சபையின் தரமும் தளரலாகாது.

எல்லாப் பள்ளிகளையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்றும் நான் கருதவில்லை. ஏழைகளைச் சேர்க்க இயலாத, உருவாக்கம் பெற்ற தலைமை கிடைக்காத, சபையின் பெயரை மட்டும் தாங்கி நிற்கும் ஒரு பள்ளியை மறைமாவட்டத்திடமோ வேறொரு சபையிடமோ ஒப்படைத்துவிட்டு, விடுபடும் ஆட்களையும் பணத்தையும் தேவை மிகுந்த மற்றொரு நாட்டுக்கு அனுப்புவது நேர்மையான செயல். அந்த முடிவைப் பெற்றோரும் ஆசிரியர்களும் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன்பே அவர்களை அழைத்து, காரணங்களையும் கணக்குகளையும் திறந்து காட்டி, அவர்களில் யாரேனும் பொறுப்பேற்க முன்வருகிறார்களா என்று கேட்ட பிறகே அதை எடுக்க வேண்டும்.