தேக்கின் தலைகள் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: ஒட்டுசுட்டானில் எங்கள் காணியில் நெருக்கமாக நட்ட தேக்கு நன்றாக உயர்ந்துவிட்டது. ஆனால் அண்ணாந்து பார்த்தால் ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் கோடு போட்டதுபோல் வானம் தெரிகிறது. நோயா? பசளை போடவா? இடையில் வேம்பு வைக்கலாமா?

பதில்: நோய் இல்லை. பசளைக் காசை மிச்சம் பிடியுங்கள். ஒரே வயது, ஒரே இன மரங்கள் நெருங்கி நிற்கும் இடங்களில் இப்படி நடப்பதுண்டு. பாலையும் வீரையும் முதிரையும் கலந்து நிற்கும் நம் காட்டில் இவ்வளவு துலக்கமாகத் தெரியாது.

முக்கிய காரணம் காற்று என்றே நினைக்கிறேன். சோழகம் (தென்மேற்குக் காற்று) பலமாக வீசும் நாளில் காணிக்குள் நின்று பாருங்கள். நெருக்கத்தில் வளர்ந்த தேக்கு மெலிந்து நெடுத்திருக்கும். அடிமரம் அசையாது, தலை மட்டும் போய்ப்போய் வரும். கொப்புகள் மோதும்போது நுனிக் குருத்து முறியும். குருத்து போன கொப்பு அந்தப் பக்கம் நீளாது. கீழே சருகைக் கிளறினால் முறிந்த இளநுனிகள் கையில் படலாம். அவுஸ்திரேலிய வனவியலாளர் மாக்ஸ்வெல் ஜேக்கப்ஸ் 1955 இல் யூக்கலிப்டஸ் மரங்களை வைத்து இந்த உரசலைத்தான் காரணம் காட்டினார். பிறகு கனடாவில் பைன் மரங்கள் மோதாதபடி கயிற்றால் இழுத்துக் கட்டிப் பார்த்தார்கள். சில ஆண்டுகளில் இடைவெளி குறைந்தது.

ஆனால் மலேசியாவில் தாவரவியலாளர் பிரான்சிஸ் இங் 1977 இல் கப்பூர் என்ற உயரமான காட்டு மரங்களைப் பார்த்தபோது உரசிய தடயமே இல்லை. நுனிகள் வெளிச்சம் குறைவதை உணர்ந்து நின்றுவிடுகின்றன என்பது அவர் கருத்து. பூச்சி பரவாமலிருக்க மரமே விலகி நிற்கிறது என்றும் சிலர் சொல்வார்கள். அது பயனாக இருக்கலாம், காரணமாக நான் எடுக்கமாட்டேன். உங்கள் தேக்கில் காற்றும் வெளிச்சமும் இரண்டும் வேலை செய்யலாம். எனக்குக் காற்றின் மேல்தான் கூடுதல் சந்தேகம்.

வறட்சியில் இலை உதிர்த்து நிற்கும் தேக்கைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மழைக்குத் தளிர்த்த பிறகு பாருங்கள். அப்போதும் உச்சியிலிருந்து கொப்பு காய்ந்து இறங்கினால், அல்லது ஒரு மரத்தின் தலை மட்டும் ஐதாகிப்போனால், அதுதான் கவனிக்கவேண்டிய மரம்.

வேம்பு வேண்டாம். அந்தக் கீற்று வெளிச்சத்தில் அது கம்புபோல் நெடுக்குமே தவிரப் பருக்காது. தேக்குக்குத் தேவை ஐதாக்கல், அதாவது இடையிடையே சில மரங்களை வெட்டி எடுப்பது. வளைந்ததையும் அமுங்கிப்போனதையும் முதலில் எடுங்கள். ஒரேயடியாக நிறைய வெட்டினால் மிஞ்சும் மெலிந்த மரங்கள் காற்றில் சாய்ந்துவிடும், ஆகவே சில வருடங்களுக்குப் பிரித்துச் செய்யுங்கள். வெட்டவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று கிராம அலுவலரிடம் முதலே கேட்டுக்கொள்ளுங்கள்.