உயரம் கூட்டும் அறுவை சிகிச்சைக்காகக் கடனை மறுபடியும் பெருக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பொறியாளராக இருக்கிறேன். சம்பளம் 7,400 வெள்ளி (மலேசிய ரிங்கிட்); பிடித்தம் போகக் கைக்கு 6,200 வருகிறது. அம்மாவுடன் பட்டர்வொர்த்தில் இருக்கிறேன். வீட்டுச் செலவுக்கு 1,200, கார் தவணை 790 கொடுக்கிறேன். என் உயரம் 161 சென்டிமீட்டர். பள்ளி நாள்களிலிருந்தே இது எனக்கு ஒரு குறை. சென்ற ஆண்டு இரண்டு வரன்கள் இதைச் சொல்லியே தட்டிப்போயின. இஸ்தான்புல்லில் ஒரு மருத்துவமனை தொடை எலும்பை 6.5 சென்டிமீட்டர் நீட்டித் தருவதாகச் சொல்கிறது. மொத்தம் 110,000 வெள்ளி. திரும்பக் கிடைக்காத முன்பணமாக 4,500 கட்டிவிட்டேன். வங்கி 100,000 வெள்ளி தனிநபர் கடனுக்கு (6 விழுக்காடு ஃபிளாட் வட்டி, 10 ஆண்டு) முன் ஒப்புதல் கொடுத்துள்ளது. இம்மாத இறுதிக்குள் கையெழுத்திட வேண்டும். பழைய கடன் பாக்கி 17,000 கழிந்து 83,000 கைக்கு வரும். அந்தப் பழைய கடன் 2019இல் மோட்டார் சைக்கிளுக்கு எடுத்தது. 2022இல் தங்கை திருமணத்துக்காகக் கூட்டி எடுத்தேன். இன்னும் 3 ஆண்டு, மாதம் 520. அம்மாவின் நகையை அடகு வைத்தால் 12,000 கிடைக்கும். மாமா தம் சேமநிதியிலிருந்து 20,000 தருவதாகச் சொல்லியிருக்கிறார். குறைந்தால் 30,000 வரை கடன் அட்டையில் வட்டியில்லாத் தவணையாகக் கட்டலாம், மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பலாம் என்கிறார் சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யும் முகவர். என் சேமநிதியில் மருத்துவத்துக்கென்று எடுக்க முடியுமா? மருத்துவக் காப்புறுதி அட்டை உதவுமா? தூக்கமே போய்விட்டது.
— பெயர் வேண்டாம், பட்டர்வொர்த்

பதில்: வரவு செலவு எழுதுவது, அவசர நிதி ஒதுக்குவது போன்றவற்றை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; எண்களை இவ்வளவு ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு அவை தெரிந்தே இருக்கும். உயரம் உங்களுக்கு வேண்டுமா வேண்டாமா என்பதிலும் நான் நுழையப்போவதில்லை. அந்த உடம்போடு வாழ்பவரும் பெண் வீட்டாரின் பேச்சைக் கேட்டவரும் நீங்கள்தாம். என் கண்ணில் பட்டது வேறு. 2019, 2022, இப்போது என்று மூன்று கடன்; இரண்டாவது முறையாக, ஒரு கடன் முடிவதற்கு முன்பே அதை இன்னொரு பெரிய கடனுக்குள் கரைக்கப் பார்க்கிறீர்கள். மோட்டார் சைக்கிள், கல்யாணம், கால் என்று காரணம் ஒவ்வொரு முறையும் மாறுகிறதே தவிர, செய்கிற காரியம் ஒன்றுதான்.

இந்த ஓவர்லேப் கடனின் விலையை முதலில் பாருங்கள். பழைய கடனை அப்படியே விட்டுவிட்டால் 36 மாதம், மாதம் 520 வீதம் 18,720 வெள்ளியோடு அது தீர்ந்துவிடும். அதாவது 17,000 பாக்கிக்கு இனி நீங்கள் தரவேண்டிய வட்டி 1,700 சொச்சம்தான். அதே 17,000 புதிய கடனுக்குள் போய்ப் பத்து ஆண்டுக்கு நீண்டால், ஆண்டுக்கு 6 விழுக்காடு வீதம் அதற்கு மட்டும் 10,200 வெள்ளி வட்டி. புதிதாக ஒரு காசும் கைக்கு வராமலேயே ஏறத்தாழ 8,500 வெள்ளி கூடுதலாகத் தருகிறீர்கள்; தங்கையின் திருமணச் செலவுக்கு உங்கள் 41ஆவது வயது வரை தவணை கட்டுவீர்கள். முழுக் கடனுக்கு வட்டி 60,000, மாதத் தவணை 1,333. அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை போடும் ஃபிளாட் வட்டி என்பதால் 6 என்ற எண் சிறியதாகத் தெரிகிறது. அசல் குறையக் குறைய வட்டியும் குறையும் வீட்டுக் கடன் முறையில் போட்டுப் பார்த்தால் இது 10 விழுக்காட்டைத் தாண்டும்.

வங்கியே ஒப்புதல் கொடுத்துவிட்டதே என்று நீங்கள் எழுதாவிட்டாலும் வரிகளுக்கிடையே அந்த நிம்மதி தெரிகிறது. வங்கி பார்த்தது உங்கள் சம்பளச் சீட்டையும் பழைய தவணைகளைத் தவறாமல் கட்டிய பதிவையும் மட்டுமே. கையெழுத்திட்ட சில வாரங்களில் அந்தச் சம்பளமே நின்றுவிடப்போகிறது என்பது அதற்குத் தெரியாது.

எத்தனை மாதம் நிற்கும்? இங்கேதான் சிகிச்சையின் இயல்பு கணக்குக்குள் வருகிறது. எலும்பை வெட்டி, ஏறத்தாழ ஒரு வாரம் விட்டு, பிறகு நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் பிரித்துக்கொண்டே போனால் இடைவெளியில் புதிய எலும்பு உருவாகும் என்பது சைபீரியாவின் குர்கான் நகரில் மருத்துவர் இலிசாரோவ் 1950களில் வகுத்த முறை. முறிந்த எலும்பு கூடாதவர்களுக்கும் ஒரு கால் குட்டையானவர்களுக்கும் அது பெரும் வரமாக இருந்தது. வெளியே வளையச் சட்டம் மாட்டிய காலம் போய் எலும்புக்குள்ளேயே உலோகத் தண்டு வைக்கும் காலம் வந்தபிறகும் அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிதாக மாறவில்லை, ஏனென்றால் விரைவாக இழுத்தால் எலும்பு கூடாமல் போகலாம், மிக மெதுவாக இழுத்தால் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டு மறுபடியும் வெட்ட நேரலாம். ஆகவே 65 மில்லிமீட்டருக்கு 65 நாள். முதல் வாரத்தையும் சேர்த்தால் பத்து வாரம். அதற்குப் பிறகுதான் புது எலும்பு கெட்டிப்படத் தொடங்குகிறது. அதற்கு நீட்டிய காலத்தைவிட அதிக காலம் ஆகும். முகவர் சொன்ன மூன்று மாதம், நீங்கள் ஊன்றுகோலோடு நிற்கத் தொடங்கும் காலம். சோதனைப் பிரிவில் எந்திரங்களுக்கிடையே நாள் முழுவதும் நடப்பவருக்கு ஆறு மாதம் என்று வைப்பதே நியாயம், அதுவும் தடங்கல் ஏதும் இல்லாவிட்டால்.

அந்த ஆறு மாதத்துக்குப் புதிய தவணை 1,333, அடகுக்கடை வட்டி சட்டம் அனுமதிக்கும் உச்சமான மாதம் 2 விழுக்காட்டில் 240, கார் 790, வீட்டுக்கு 1,200, கைபேசி, காப்புறுதி போன்ற சில்லறைகளுக்கு 300 என்று வைத்தால் மாதம் சுமார் 3,850. ஆறு மாதத்துக்கு 23,000. நாடு திரும்பியபின் பிசியோதெரபி இல்லாமல் முடியாது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசையும் நரம்பும் ஈடுகொடுப்பதில்லை, பயிற்சி குறைந்தால் முழங்கால் மடங்க மறுக்கும். வாரம் மூன்று முறை, ஒரு முறைக்கு 120 வெள்ளி, 24 வாரம் என்றால் 8,600. ஓரிரு ஆண்டில் அந்தத் தண்டை வெளியே எடுக்க இன்னோர் அறுவை சிகிச்சை உண்டு. நீங்கள் சொல்லும் 110,000இல் அது சேர்ந்திருப்பதாக எழுதவில்லை, ஆகவே பயணத்தோடு 20,000 என்று ஒதுக்குங்கள். துணைக்கு அம்மா வந்து தங்குவதற்கு 10,000. எல்லாம் கூட்டினால் 171,600 வெள்ளி. உங்களிடம் சேரப்போவது 115,000. ஏறத்தாழ 56,000 குறைகிறது, அதுவும் நீங்கள் கட்டிலில் இருக்கும் மாதங்களில்.

இதில் சேராத இழப்பு ஒன்று: சம்பளம் இல்லாத மாதங்களில் சேமநிதிச் சந்தாவும் இல்லை. உங்கள் 11 விழுக்காடும் முதலாளியின் 12 விழுக்காடும் சேர்ந்து மாதம் 1,700 வெள்ளி, ஆறு மாதத்துக்கு 10,200. வேலைவாய்ப்புச் சட்டத்தில் மருத்துவ விடுப்பும் மருத்துவமனையில் தங்கும் விடுப்பும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். தாமாக விரும்பிச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு அவற்றைத் தருவார்களா, ஆறு மாதம் உங்கள் இடத்தை வைத்திருப்பார்களா என்பதை மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் வாங்காமல் எதையும் நம்பாதீர்கள்.

குறையும் 56,000க்குத்தான் முகவரின் வட்டியில்லாத் தவணை காத்திருக்கிறது. இந்த வகை ஏற்பாடுகளைப் பார்த்தால் எனக்குப் பொறுமை குறைகிறது. 30,000ஐ 36 மாதமாகப் பிரித்தால் மாதம் 833. சம்பளம் வரும்வரை அது இனிப்பாக இருக்கும். தவணை தவறிப் பாக்கி நின்றால் அட்டைக் கடனுக்குரிய வட்டி தொடங்கிவிடும். அது 18 விழுக்காடு வரை போகும். பிறகு அதை அடைக்க இன்னோர் ஓவர்லேப் கடனுக்குப் போவீர்கள்.

சிகிச்சையிலும் புதியதெல்லாம் நல்லது என்ற விளம்பரத்தை அதே சந்தேகத்தோடு பாருங்கள். நீட்டும்போதே எடை தாங்கி நடக்கலாம் என்று பெரிதாகப் பேசப்பட்ட ஸ்ட்ரைட் என்ற தண்டு, உலோக அரிப்பும் அருகிலுள்ள எலும்பில் மாற்றங்களும் காணப்பட்டதால் 2021இல் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. சீனாவின் சுகாதார அமைச்சு 2006லேயே அழகுக்காக மட்டும் காலை நீட்டுவதைத் தடை செய்தது. நல்ல மருத்துவர்கள் கையில் நல்லபடியாக முடிந்தவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எலும்பு கூடாமை, கிருமித்தொற்று, நரம்புப் பாதிப்பு ஆகியவை இந்தச் சிகிச்சையில் எதிர்பார்க்க வேண்டிய அபாயங்கள். கார் வாங்கப் பணம் போதாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம். பாதி நீட்டிய காலை அப்படியே விட்டுவிட்டு அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ள முடியாது. வங்கியும் அதுவரை காத்திருக்காது. கடன் பணத்தில் செய்யவே கூடாத சிகிச்சை இது என்று நான் சொல்வதற்கு அதுதான் காரணம்.

நீங்கள் கேட்ட இரண்டுக்கும் விடை சுருக்கமானது. சேமநிதியில் மருத்துவத்துக்கென்று பணம் எடுப்பது பட்டியலிடப்பட்ட கடும் நோய்களுக்கு. அழகுச் சிகிச்சைக்கு அல்ல. 2024 மே மாதம் தொடங்கிய ஃபிளெக்சிபல் கணக்கிலிருந்து காரணம் சொல்லாமல் எடுக்கலாம், ஆனால் சந்தாவில் 10 விழுக்காடுதான் அதில் சேர்கிறது. இதற்காக அதைத் தொட வேண்டாம். மருத்துவ அட்டை அழகுச் சிகிச்சையை ஏற்காது. அதனால் பின்னர் வரும் சிக்கல்களையும் விலக்கி வைக்கும் விதி பல அட்டைகளில் உண்டு. உங்கள் காப்புறுதிப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியை வாசியுங்கள். அந்த விதி இருந்தால், பினாங்குக்குத் திரும்பியபின் காய்ச்சலோடு தனியார் மருத்துவமனைக்குப் போனாலும் கையிலிருந்துதான் கட்ட வேண்டியிருக்கும்.

சரி, என்ன செய்யலாம்? மாதம் 1,333 தவணையும் 240 அடகு வட்டியும் கட்ட முடியும் என்று நம்புகிறீர்கள், அதாவது 1,573. அடுத்த மாதத்திலிருந்தே அதைக் கட்டிப் பாருங்கள்: 520 பழைய கடனுக்கு, மீதி 1,050 தனிக் கணக்குக்கு. மூன்றாவது மாதமே அது கடினமாக இருந்தால், பத்து ஆண்டு எப்படி இருந்திருக்கும் என்பது உங்களுக்கே விளங்கும். சிகரெட் பிடிப்பவரா என்பதை நீங்கள் எழுதவில்லை. பிடிப்பவரானால் நாளுக்கு அரைப் பாக்கெட் என்றாலும் மாதம் 260 வெள்ளி அதிலிருந்தும் வரும், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதால் அதை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும். சிகரெட்டைக் கணக்கில் சேர்க்காமலே மூன்று ஆண்டில் 37,800 சேரும், பழைய கடனும் தீர்ந்திருக்கும். அதன்பின் மாதம் 1,573 முழுவதும் சேமிப்புக்கு. கடன் இல்லாவிட்டால் அந்த ஆறு மாதத் தேவையே 9,400 குறைந்து, மொத்த இலக்கு 162,000 ஆகிறது. ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸாக வந்து அதையும் ஒதுக்கினால் ஏறத்தாழ ஏழு ஆண்டில் இலக்கை எட்டிவிடலாம். நீண்ட காலம்தான், எனக்கும் தெரிகிறது. ஆனால் கடன் வழியில் பத்து ஆண்டு. இடையில் திருமணம் வந்தால் அந்தத் தவணையோடுதான் வரும்.

இப்போது செலவிட வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ முகவருக்கு எந்தத் தொடர்பும் இல்லாத எலும்பு அறுவை மருத்துவர் ஒருவரிடம் சில நூறு வெள்ளி கட்டணத்தில் ஆலோசனை பெறுங்கள். உங்கள் உடம்புக்கு இது பொருந்துமா, வெளிநாட்டில் செய்து வந்தால் தொடர்ந்து பார்ப்பாரா என்று நேராகக் கேளுங்கள். பார்க்கமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான். மனநல ஆலோசகரையும் பார்த்து வரச் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொறுப்பான மருத்துவர்கள் அதைக் கேட்பார்கள்.

முன்பணம் 4,500 போய்விடுமே என்ற வருத்தம் புரிகிறது. தேதியைத் தள்ளிவைக்க முடியுமா என்று மருத்துவமனைக்கே மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள், முகவர் வழியாக வேண்டாம். முடியாது என்றால் அதை விட்டுவிடுங்கள். 4,500ஐக் காப்பாற்ற 100,000 கடனில் கையெழுத்திடுவது கணக்காகாது. வங்கியின் கெடுவும் அப்படித்தான். இந்த மாதம் காலாவதியானால் அடுத்த மாதம் அவர்களே மறுபடியும் அழைப்பார்கள். கையெழுத்து ஏற்கெனவே ஆகிவிட்டிருந்தால், மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் ஆதரவில் 2006 முதல் இயங்கும் கடன் ஆலோசனை நிறுவனமான ஏகேபிகேயின் ஜார்ஜ்டவுன் கிளைக்குப் போங்கள், கட்டணம் இல்லை.

அம்மாவின் நகை பெட்டியிலேயே இருக்கட்டும். ஆறு மாதத்தில் மீட்கவோ புதுப்பிக்கவோ தவறினால் அது ஏலத்துக்குப் போகும், அந்த ஆறு மாதமும் உங்களுக்குச் சம்பளம் இருக்காது. மாமாவிடம் இந்த வாரமே பேசுங்கள். அவர் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே சேமநிதியிலிருந்து எடுக்கும் விண்ணப்பத்தை அவர் இன்னும் அனுப்பவில்லை என்று நினைக்கிறேன். அனுப்ப வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், அவராக நிறுத்தமாட்டார்.