கல்லெறிந்தவனுக்கு என்ன அஞ்சலி?

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு தேவிபட்டினம் பக்கம் ஊர். இப்போது துபாயில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். அப்பா போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டைக் கழுத்தில் முழங்காலை வைத்துக் கொன்றபோது எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பலரும் கறுப்புப் படம் வைத்தார்கள். அடுத்த மாதமே சாத்தான்குளத்தில் ஒரு அப்பாவும் மகனும் போலீஸ் அடியில் செத்தார்கள். அதற்கும் எல்லாரும் கொதித்தார்கள். ஆனால் போன செப்டம்பர் 11 அன்று பரமக்குடி துப்பாக்கிச்சூட்டில் இறந்தவர்களை நினைத்து நாலு வரி போட்டேன். "கல்லெறிந்தவனுக்கு என்ன அஞ்சலி?" என்று ஆரம்பித்தார்கள். கடைசியில் அட்மின் என் பதிவை நீக்கிவிட்டார்.

அப்பாவுக்கும் விஷயம் போயிருக்கிறது. போனில் கேட்டார்: "அமெரிக்காவுல ஸ்டேஷனையே கொளுத்துனவனுக்கு நீ வக்காலத்து வாங்குன. அந்த ஸ்டேஷனுக்குள்ள நான் இருந்திருந்தா?" எனக்கு வாய் வரவில்லை. கொளுத்துவதை நாம் எப்படிப் பார்ப்பது? எங்கேயோ நடப்பதற்குப் பொங்குகிறவர்கள் பக்கத்து ஊருக்கு ஏன் வாயைத் திறப்பதில்லை? இதையெல்லாம் பேசி ஆகப்போவது என்ன?

சே.

அன்புள்ள சே.,

கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன். குழுவில் நடந்த பேச்சை முழுசாகப் போட்டால் யார் யார் என்று ஊரில் தெரிந்துவிடும், அதனால் எடுத்துவிட்டேன்.

பரமக்குடியிலிருந்தே தொடங்குகிறேன். 2011 செப்டம்பர் 11, தேவேந்திரகுல வேளாளர் சமூகத் தலைவர் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள். அஞ்சலி செலுத்த வந்துகொண்டிருந்த, அதே சமூகத்து அரசியல் தலைவர் ஜான் பாண்டியனை வழியிலேயே கைது செய்த சேதி பரவி, ஐந்து முனைச் சந்திப்பில் மறியல் நடந்தது. தடியடி, கல்வீச்சு, பிறகு துப்பாக்கி. ஆறு பேர் செத்தார்கள். காவலர்களுக்கும் காயம்பட்டது. விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம், சுட்டது நியாயம்தான் என்று அறிக்கை கொடுத்தது.

அன்று சாயங்காலம் நான் உச்சிப்புளியில் பஸ் இல்லாமல் மாட்டிக்கொண்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். டிவியில் செருப்புகள் சிதறிக் கிடந்த ரோட்டைத் திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு விசைப்படகு முதலாளி, எனக்குப் பழக்கமானவர், நல்ல மனுஷன். "போலீஸ்காரன் மேல கல்ல விட்டா, கொஞ்சிக்கிட்டா இருப்பான்?" என்றார். கடையில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

2017 மார்ச் 6 ராத்திரி, கடலில் இருந்த தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் கழுத்தில் குண்டு பாய்ந்து செத்தான். 21 வயது. உடலை வாங்க மாட்டோம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்தது. சுட்டது நாங்கள் இல்லை என்றது இலங்கைக் கடற்படை. அந்தப் பந்தலில் அதே முதலாளி மைக்கைப் பிடித்து, "சுட்டவனே சுடலேன்னு சொன்னா நாம நம்பிட்டுப் போயிரணுமா?" என்று கேட்டார். தொண்டை கட்டிப்போயிருந்தது, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்தக் கோபத்தில் துளி பொய் இல்லை. கொஞ்ச நாள் கழித்து அவரிடம் பரமக்குடியை எடுத்தேன். "அது வேற, இது வேற" என்றார். என்ன வேற என்று கேட்டதற்கு, "இது நம்ம பய" என்றார்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார். நம் கரையில் ஒவ்வொரு சனத்துக்கும் தனித்தனியாக ஒரு சாவுப் பட்டியல் இருக்கிறது. 1957 செப்டம்பரில், மறவர்களுக்கும் தேவேந்திரர்களுக்கும் நடந்த முதுகுளத்தூர்க் கலவரத்தின்போது, கீழத்தூவலில் மறவர்கள் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டது. பிடித்துக் கட்டிவைத்துச் சுட்டார்கள் என்று அந்த ஊர் இன்றைக்கும் சொல்கிறது. 2011-இல் பரமக்குடி. 2014 அக்டோபரில் எஸ்.பி.பட்டினம் காவல் நிலையத்துக்குள்ளேயே, விசாரணைக்குக் கூட்டிவரப்பட்ட ஒரு முஸ்லிம் இளைஞரை உதவி ஆய்வாளர் சுட்டுக் கொன்றார். கத்தியால் குத்த வந்தான், தற்காப்புக்குச் சுட்டேன் என்றார். கோர்ட்டில் அது நிற்கவில்லை, அவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிற ஆளை நம் மாவட்டத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். கீழத்தூவலைச் சொல்கிறவருக்குப் பரமக்குடி என்றால் முகம் மாறுகிறது. பரமக்குடிக்கு அழுகிறவர்களில் எத்தனை பேர் எஸ்.பி.பட்டினத்துக்கு வந்தார்கள்? செத்தவன் அடுத்த தெருக்காரன் என்றால், போலீஸ் என்ன சொல்கிறதோ அதுவே நமக்குப் போதும்.

ஃபிளாய்ட் செத்த மினியாபொலிஸ் நமக்குச் சுலபமாக இருந்ததும் அதனால்தான். அங்கே செத்தவன் எந்தத் தெரு என்ற கேள்வி நமக்கு எழவில்லை. சாத்தான்குளத்திலும் ஏறக்குறைய அப்படித்தான்: செல்போன் கடை வைத்திருந்த ஒரு அப்பா, ஒரு மகன். கல் இல்லை, கூட்டம் இல்லை.

போலீஸ் முதலில் என்ன சொல்லும் என்பதைக் கவனித்துப் பாருங்கள். 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் காவல்துறை வெளியிட்ட குறிப்பு, போலீஸ் நடவடிக்கையின்போது ஒருவர் மருத்துவப் பிரச்சினையால் இறந்தார் என்று சொன்னது. முழங்காலைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. சாத்தான்குளம் எஃப்.ஐ.ஆரில் ஜெயராஜும் பென்னிக்ஸும் தரையில் உருண்டு புரண்டதால் உள்காயம் என்று எழுதியிருந்தார்கள். 2025 ஜூனில் போலீஸ் விசாரணையில் செத்த மடப்புரம் கோயில் காவலாளி அஜித்குமாருக்கு வலிப்பு வந்தது என்றார்கள். பிறகு பிரேதப் பரிசோதனையில் உடம்பில் நாற்பதுக்கு மேல் காயங்கள்.

இந்த மாதிரிச் செய்திகளை நம்புவதற்கு நாம் தினமும் பழகிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. வழிப்பறி வழக்கில் பிடிபட்ட பையன் கையில் மாவுக்கட்டோடு நிற்கிற படம் வாரா வாரம் வருகிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தானாம். கீழே நூறு பேர் சிரிக்கிற பொம்மை போடுகிறார்கள். "எந்த பாத்ரூம்ணே அது, ரொம்ப வழுக்குதே" என்று ஒருவர், "இன்னொரு கையும் வழுக்கட்டும்" என்று இன்னொருவர். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தே கைதட்டுகிறோம். பூட்டிய அறைக்குள் நிற்கிற காவலருக்கு அந்தக் கைதட்டல் கேட்காமலா இருக்கும்? சாத்தான்குளத்தில் லத்தியைத் தூக்கியவர்களுக்கு நாம் வெகு நாளாக அனுமதி கொடுத்துவந்திருக்கிறோம். உங்கள் குழுவிலும் அந்தப் படங்கள் வந்திருக்கும்.

நீங்கள் துபாயில் இருப்பதால் இன்னொன்று. 2012 ஜூலை 16 அன்று ஜெபல் அலிக்குப் பக்கத்துக் கடலில் ஒரு சின்ன மீன்பிடிப் படகை ராப்பஹானக் என்ற அமெரிக்கக் கடற்படையின் எண்ணெய்க் கப்பலிலிருந்து சுட்டார்கள். ஒருவர் செத்தார், மூன்று பேருக்குக் காயம். செத்தவர் நம் ராமநாதபுரம் கரைக்காரர். எச்சரித்தோம், கேட்காமல் நெருங்கி வந்தது என்றது அமெரிக்கத் தரப்பு. எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் பிழைத்தவர்கள். பட்டப்பகலில், கறுத்த உடம்போடு ஆட்கள் உட்கார்ந்திருந்த படகைப் பார்த்ததும், மீன் பிடிக்கிறவர்களாக இருக்கும் என்பதற்கு முன்னால் வெடிகுண்டு என்பதுதான் அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஃபிளாய்டை இருபது டாலர் கள்ளநோட்டு என்ற புகாருக்காகப் பிடித்து, விலங்கு மாட்டிய பிறகும் ஒன்பது நிமிடத்துக்கு மேல் அமுக்கி வைக்கச் சொன்னதும் அதே பார்வைதான்.

அந்தப் பார்வை நம்மிடமும் உண்டு. இலங்கைத் தமிழ் அகதிகள் இருக்கும் மண்டபம் முகாமில் 'செக்கிங்' நாளில் ஒவ்வொரு குடும்பமும் நேரில் வந்து தலையைக் காட்ட வேண்டும். பதிவேட்டைப் பார்த்து அதிகாரி பேர் கூப்பிடுவார், கிழவிகள் எழுந்து நிற்பார்கள். அங்கேயே பிறந்து, இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே படித்த பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கின்றன. 2021-இல் முகாமின் பேரை மறுவாழ்வு முகாம் என்று அரசு மாற்றியது. ஆனால் பக்கத்தில் எங்காவது ஒரு மோட்டார் சைக்கிள் களவு போனால் "கேம்ப்ல விசாரிங்க சார்" என்று சொல்கிற வாய் நம்முடையதுதான்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அது நியாயமான கேள்வி. அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். மினியாபொலிஸ் மூன்றாவது காவல் நிலையத்தை மே 28 இரவு கொளுத்தினார்கள். அதற்கு முன்பே காவலர்களை வெளியேறச் சொல்லிவிட்டார் மேயர். அவர்கள் உள்ளே இருந்திருந்தால் பிணம் விழுந்திருக்கும். அதை எந்த நியாயத்தாலும் நான் ஏற்கமாட்டேன். அந்த வட்டாரத்தில் எரிந்த கடைகளில் பல, பிழைக்க வந்த ஏழைபாழைகள் வைத்தவை. நெருப்பு வைத்தவர்களைப் பிடித்து வழக்கு நடத்திச் சிறைக்கு அனுப்பினார்கள். டெரிக் ஷாவினையும் வழக்கு நடத்தித்தான் இருபத்திரண்டரை ஆண்டு உள்ளே வைத்தார்கள்.

குழுவில் கேட்டவருக்கும் இதுதான் பதில். கல்லெறிந்தவனுக்கு, பஸ்ஸைக் கொளுத்தியவனுக்குச் சட்டத்தில் தண்டனை இருக்கிறது. அதைக் கொடுக்க நீதிபதி இருக்கிறார். பரமக்குடியில் கல்லே விழவில்லை என்று நான் சொல்லவில்லை. கல்லுக்குத் தண்டனை உயிர் என்று எந்தச் சட்டம் சொல்கிறது என்றுதான் கேட்கிறேன். செத்த ஆறு பேரும் கல்லெறிந்தவர்களா என்பதையாவது அவர் யோசித்தாரா? 2018 மே 22 தூத்துக்குடியிலும் எரிந்த வாகனங்களைத்தான் முதலில் காட்டினார்கள். ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் சுட்டு 13 பேர் செத்தார்கள். அருணா ஜெகதீசன் ஆணையம் பிறகு காவல்துறை மீதுதான் குற்றம் கண்டது, அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. இரண்டு ஆணையங்கள், இரண்டு முடிவுகள். ஆணையம் சொல்லட்டும் என்று காத்திருந்து நம் மனசாட்சியை முடிவு செய்ய முடியாது.

மினியாபொலிஸில் அந்தக் காவல் நிலையத்துக்குப் பக்கத்தில் காந்தி மகால் என்று ஒரு உணவகம் இருந்தது. வங்கதேசத்திலிருந்து போனவர் நடத்தியது. அடிபட்டவர்களுக்கு அங்கே வைத்து முதலுதவி செய்தார்கள். தீயில் அதுவும் போனது. அந்த மனிதர், என் கட்டடம் எரிந்தால் எரியட்டும், நீதி கிடைக்கட்டும், அந்தப் போலீஸ்காரர்களை ஜெயிலில் போடுங்கள் என்று போனில் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் மகள் எழுதினாள். கொளுத்தியதை அவர் சரி என்று சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. தன் கடையையும் ஒரு உயிரையும் ஒரே தராசில் வைக்க அவர் மறுத்தார். அவ்வளவு இழந்தவருக்கு அது முடிந்தது. ஒன்றும் இழக்காத நாம் எரிந்த டயரைக் காட்டிப் பிணத்தை மறைக்கிறோம்.

பேசி ஆகப்போவது என்ன என்று கேட்டிருந்தீர்கள். மினியாபொலிஸ் போலீஸ் சொன்னது நிற்காமல் போனதற்குக் காரணம், 17 வயதுப் பெண் டார்னெல்லா ஃபிரேசியர் பிளாட்பாரத்தில் நின்று கடைசிவரை போனைக் கீழே இறக்காமல் படம் எடுத்தது. மடப்புரத்திலும் மறைந்திருந்து ஒருவர் எடுத்த போன் காட்சிதான் வெளியே வந்தது. சாத்தான்குளத்தில் உள்ளே இருந்தே உண்மை வந்தது: தலைமைக் காவலர் ரேவதி, இரவெல்லாம் அடித்தார்கள், மேஜையிலும் லத்தியிலும் ரத்தம் இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். சுற்றிலும் சக காவலர்கள் இருக்க, அந்த நிலையத்திலேயே நின்று சொன்னார். ரேவதியைப் பற்றி அப்பாவிடம் பேசிப் பாருங்கள். அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். ஏட்டாக இருந்தவர் பார்த்தவை அவருக்குள்ளேயே கிடக்கும், கேட்க ஆள் இருந்திருக்காது.

உங்களால் செய்ய முடிந்த ஒன்றைச் சொல்கிறேன். 1996-இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகள் இன்றும் செல்லும். கைது செய்ய வரும் காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும். தேதி, நேரத்தோடு கைதுக் குறிப்பு எழுதி, வீட்டாரோ ஊரில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருக்கிறவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை டாக்டர் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நிலையங்களில் கேமரா வைக்கச் சொல்லி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்குப் போன் செய்தால் சட்ட உதவி கிடைக்கும்.

அந்த "ஊரில் மதிப்புள்ள ஒருவர்" யார்? நம் ஊர்களில் அவரவர் தெருப் பையனுக்கு மட்டும்தான் ஆள் ஸ்டேஷனுக்குப் போகிறது. அடுத்த தெருப் பையனை ராத்திரி ஜீப்பில் ஏற்றினால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். உங்கள் குழுவில் இருப்பவர்களில் இரண்டு பேர், யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும், களவு வழக்கே ஆனாலும், வேட்டியை மாற்றிக்கொண்டு போய் நிலைய வாசலில் நின்று, கைதுக் குறிப்பில் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம் என்று கேட்டால் போதும். அந்த ராத்திரி உள்ளே நடப்பது வேறு மாதிரி இருக்கும் என்பது உங்கள் அப்பாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

கைதுக் குறிப்பு எப்படி எழுத வேண்டும், எந்த இடத்தை வெற்றாக விடுவார்கள், வாசலில் நிற்பவன் எதைக் கேட்க வேண்டும் என்று அவரையே ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லுங்கள். ரிட்டயர்டு ஏட்டு எழுதியதை அட்மின் நீக்கமாட்டார் என்று நினைக்கிறேன். நீக்கினால் எனக்கு அனுப்புங்கள், அவர் சம்மதித்தால் இங்கே போடுகிறேன்.