பழைய ஸ்பேனருக்கு விலை எப்படி அமைகிறது?

1800-களின் அமெரிக்க ஸ்பேனர் ஒன்று கைவசம் இருக்கிறது, நல்ல விலை போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வயதை மட்டும் வைத்து விலை சொல்ல முடியாது. ஃபோர்டு மாடல் டி கார்கள் 1908 முதல் 1927 வரை சுமார் 1.5 கோடி ஓடின. அவற்றோடு வந்த ஃபோர்டு பெயர் பொறித்த ஸ்பேனர்கள் இன்றும் மலிவாகவே கிடைக்கின்றன. எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதுதான் கணக்கு.

அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் லோரிங் கோஸ் 1841-இல் காப்புரிமை வாங்கிய மங்கி ரிஞ்சைப் (வாயின் அகலத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ஸ்பேனர்) பாருங்கள். பிடியை ஒட்டிய சிறு திருகுச் சக்கரத்தைப் பெருவிரலால் உருட்டினாலே தாடை நகரும். மற்றொரு கை வேண்டாம். அருமையான யோசனை! நன்றாக விற்றதால் பிற்கால மாடல்கள் ஏராளம். ஆரம்பகாலத்தவை அபூர்வம், சேகரிப்பாளர்கள் தேடுவது அவற்றைத்தான். விற்காமல் சீக்கிரமே நின்றுபோன விநோத வடிவங்களுக்கும் இதே கிராக்கி உண்டு.

அப்புறம், பொறித்திருக்கும் தேதி காப்புரிமை கிடைத்த நாள். அதே முத்திரையோடு பல வருடம் தயாரித்திருப்பார்கள். மரப்பிடி மாற்றப்படாததா, தாடையில் வெல்டிங் தழும்பு உண்டா என்று பாருங்கள். தயவுசெய்து கிரைண்டரில் பளபளப்பாக்காதீர்கள். எழுத்து தேய்ந்தால் பாதி மதிப்பு போய்விடும். துருவுக்கு மண்ணெண்ணெயும் பழந்துணியும் போதும்.